உவமை முதல் சிலேடை வரை: அணிகளைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாலை நேரத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். அணி இலக்கணப் பாடம் வந்தால் கேள்விகள் குவியும். பிள்ளைகள் கேட்பது ஒரு பக்கம். அவர்களை அழைத்துப் போக வரும் பெற்றோரும் வாசலில் நின்றபடியே தங்கள் பள்ளி நாள் சந்தேகங்களைக் கேட்பார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

அணி என்றால் நகை என்றுதானே பொருள்? அப்படியானால் அது பேச்சுக்கு மேலே போடும் அலங்காரமா?

சொல்லின் பொருள் அதுதான். ஆனால் இந்தப் பெயரால்தான் பாதிக் குழப்பம் வருகிறது. நகையைக் கழற்றி வைத்தாலும் ஆள் அதே ஆள்தான். உவமையைக் கழற்றிவிட்டால் பெரும்பாலும் சொல்ல வந்த விஷயமே போய்விடும்.

‘அவர் சொன்னது பசுமரத்தாணி போல மனதில் பதிந்தது’ என்கிறோம். பச்சை மரத்தில் ஆணி எளிதாக இறங்கும். அப்புறம் மரம் வளர வளர அதைச் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், பிடுங்கவே முடியாது. எளிதாக நுழைந்தது, பிறகு நீங்காமல் நின்றது என்ற இரண்டையும் அந்த ஒரு சொல் சொல்கிறது. அதை எடுத்துவிட்டு ‘நன்றாகப் பதிந்தது’ என்று எழுதிப் பாருங்கள். ‘நன்றாக’ என்பதில் இது எதுவும் இல்லை.

தொல்காப்பியர் அணிக்கென்று தனி அதிகாரம் வைக்கவில்லை. உவமவியலைப் பொருளதிகாரத்தின் ஒன்பது இயல்களில் ஏழாவதாக வைத்தார். பொருளைச் சொல்லும் வழிகளில் ஒன்றாகவே அவர் உவமையைப் பார்த்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்று ஐந்தாகப் பிரித்துப் படிப்பது பின்னால் வந்த பழக்கம்.

மொத்தம் எத்தனை அணிகள்? எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா?

தண்டியலங்காரம் 35 பொருளணிகளைச் சொல்கிறது. தண்டி வடமொழியில் எழுதிய காவியாதர்சத்தைத் தழுவித் தமிழில் வந்த நூல் அது. பின்னால் வந்த மாறனலங்காரம் எண்ணிக்கையை 64 ஆக்கியது.

மனப்பாடம் வேண்டாம். பத்து அணிகளை நன்றாகப் புரிந்துகொண்டால் மற்றவை தாமாகப் பிடிபடும். பெயரைக் கண்டுபிடிப்பதை விட, ‘இது இந்த இடத்தில் என்ன வேலை செய்கிறது?’ என்று கேட்பதுதான் முக்கியம். தேர்வில் மதிப்பெண் வாங்கவும் அந்தக் கேள்வியே உதவும். வேலை தெரிந்துவிட்டால் பெயர் நினைவில் நிற்கும்.

‘போல’ வந்தால் உவமை. அவ்வளவுதானே?

‘போல’ என்பது உவம உருபு, அடையாளம் காண உதவும். நன்னூல் போல, புரைய, ஒப்ப, உறழ, மான, கடுப்ப, இயைய, ஏய்ப்ப, நேர, நிகர, அன்ன, இன்ன என்று பன்னிரண்டைச் சொல்லி, பிறவும் உண்டு என்கிறது. ஆனால் ‘மழை வரும் போல இருக்கிறது’ என்பதிலும் ‘போல’ இருக்கிறதே! அங்கே ஒப்பீடு எதுவும் இல்லை, ஊகம்தான் இருக்கிறது.

ஆகவே ஒப்பீட்டைத் தேடுங்கள். எதை ஒப்பிடுகிறார்கள், எதோடு ஒப்பிடுகிறார்கள், இரண்டுக்கும் பொதுவானது எது? தொல்காப்பியர் அந்தப் பொதுத்தன்மையை நான்காகப் பிரிக்கிறார்: வினை, பயன், மெய், உரு. புலி போலப் பாய்ந்தான் என்றால் செயல் ஒன்று. மழை போலக் கொடுக்கும் கை என்றால் பயன் ஒன்று. உடுக்கை போன்ற இடை என்றால் வடிவம் ஒன்று. பவளம் போன்ற வாய் என்றால் நிறம் ஒன்று. எவ்வளவு பழைய பகுப்பு, ஆனால் இன்றைக்கும் ஒரு திரைப்பாடலை எடுத்துவைத்து இந்த நான்கில் எது என்று பிள்ளைகளைக் கேட்டால் உற்சாகமாகச் சொல்கிறார்கள்.

நல்ல உவமைக்கும் சாதாரண உவமைக்கும் என்ன வேறுபாடு?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

குறுந்தொகை 131ஆம் பாட்டு. வேலைக்காக வெளியூர் போன ஒருவன் திரும்பி வருகிறான். காதலியின் ஊர் இன்னும் வெகு தூரத்தில் இருக்கிறது. தன் மனம் எப்படித் துடிக்கிறது என்று சொல்கிறான்: ‘ஈரம் பட்ட செவ்விப் பைம்புனத்து ஓரேர் உழவன் போல’. மழை பெய்து நிலம் பதமாக இருக்கிறது. இந்த ஈரம் காய்வதற்குள் உழுதாக வேண்டும். ஆனால் அவனிடம் இருப்பது ஒரே ஓர் ஏர். அவசரம், பதம் போய்விடுமோ என்ற பயம், கையில் இருப்பது போதாது என்ற தவிப்பு எல்லாம் ‘ஓரேர் உழவன்’ என்ற இரண்டு சொல்லில் வந்துவிடுகிறது. விவசாயக் குடும்பத்துப் பிள்ளை ஒருவனுக்கு இதைச் சொன்னபோது நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. மழைக்கு மறுநாள் வீட்டில் நடக்கும் பரபரப்பை அவனே வகுப்புக்குச் சொன்னான்.

சாதாரண உவமையில் ஒப்புமை ஒரு புள்ளியில் தொடும். நல்ல உவமையில் பல புள்ளிகளில் தொடும், யோசிக்க யோசிக்க இன்னும் ஒன்று கிடைக்கும்.

இந்தப் பாட்டை எழுதியவரின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அவர் ஓரேருழவர் என்றே அழைக்கப்படுகிறார். இப்படித் தங்கள் உவமையாலேயே பெயர் பெற்ற புலவர்கள் சங்க இலக்கியத்தில் பலர். ‘செம்புலப் பெயல்நீர் போல அன்புடை நெஞ்சம் தாம் கலந்தனவே’ என்று பாடியவர் செம்புலப்பெயனீரார். பாறையில் மோதிக் கொஞ்சம் கொஞ்சமாக இல்லாமல் போகும் நுரையைச் சொன்னவர் கல்பொரு சிறுநுரையார். நற்றிணையில் ஒருவர், ‘அவளிடம் திரும்பிப் போ’ என்று நெஞ்சும் ‘வந்த வேலையை முடி’ என்று அறிவும் இழுக்க, நடுவில் கிடக்கும் தன் உடம்பை இரண்டு யானைகள் எதிரெதிராக இழுக்கும் தேய்ந்த பழங்கயிறு என்றார். அவர் தேய்புரிப் பழங்கயிற்றினார். ஒரு வரி எழுதி, அந்த வரியே பெயராகி, இவ்வளவு காலம் நிற்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மெய் சிலிர்க்கிறது.

உவமைத்தொகைக்கும் உருவகத்துக்கும் எப்போதும் குழம்புகிறது. எளிய வழி உண்டா?

உண்டு. எது முன்னால் வருகிறது என்று பாருங்கள். ‘மலர்முகம்’ என்றால் மலர் போன்ற முகம். ‘போன்ற’ என்பது மறைந்திருக்கிறது, அதனால் உவமைத்தொகை. ‘முகமலர்’ என்றால் முகமாகிய மலர். முகம்தான் மலர், இரண்டும் வேறில்லை என்று சொல்லியாகிவிட்டது, அதனால் உருவகம். தேன்தமிழ் உவமைத்தொகை, தமிழ்த்தேன் உருவகம். இதோடு மூன்றாவது ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ‘காளை வந்தான்’ என்று ஆளையே காளை என்று சொன்னால் அது உவமையாகுபெயர்.

உருவகத்தை ஒரு சொல்லோடு நிறுத்தாமல் முழுக் காட்சியாக விரிக்கலாம். பொய்கையாழ்வார் ‘வையம் தகளியா வார்கடலே நெய்யாக வெய்ய கதிரோன் விளக்காக’ என்று உலகத்தையே அகலாக்கி, கடலை நெய்யாக ஊற்றி, சூரியனை ஏற்றுகிறார். பூதத்தாழ்வார் ‘அன்பே தகளியா ஆர்வமே நெய்யாக’ என்று அதே விளக்கை மனதுக்குள் ஏற்றிவிடுகிறார். இரண்டையும் அடுத்தடுத்துச் சத்தமாகப் படியுங்கள். வெளியே ஏற்றிய விளக்கு உள்ளே வருவது தெரியும்.

பாதியோடு நிறுத்துவதும் உண்டு. ‘பிறவிப் பெருங்கடல் நீந்துவர்’ என்ற குறளில் பிறவியைக் கடல் என்றவர், இறைவன் அடியைத் தெப்பம் என்று சொல்லவில்லை. அதை நாமே நிரப்பிக்கொள்கிறோம். இதை ஏகதேச உருவகம் என்பார்கள்.

எடுத்துக்காட்டு உவமை, இல்பொருள் உவமை, பிறிது மொழிதல் மூன்றும் ஒன்றுபோலவே இருக்கின்றனவே?

எது மறைந்திருக்கிறது என்பதில்தான் வேறுபாடு. ‘அகர முதல எழுத்தெல்லாம் ஆதி பகவன் முதற்றே உலகு’ என்பதில் உவமையும் இருக்கிறது, பொருளும் இருக்கிறது, நடுவே ‘போல’ மட்டும் இல்லை. அது எடுத்துக்காட்டு உவமை. உலகத்தில் இல்லாத, நடக்காத ஒன்றை உவமையாகக் காட்டினால் இல்பொருள் உவமை. அன்பில்லாத வாழ்க்கையைப் பாறை நிலத்தில் பட்டமரம் துளிர்ப்பதோடு வள்ளுவர் ஒப்பிடுவது அப்படி.

பிறிது மொழிதலில் உவமை மட்டும்தான் இருக்கும், சொல்ல வந்த பொருள் வாயில் வராது. ‘பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டம் சால மிகுத்துப் பெயின்’. மயிலிறகுதானே என்று அளவில்லாமல் ஏற்றினால் வண்டியின் அச்சே முறிந்துவிடும். குறள் அதோடு முடிந்துவிட்டது. ஆனால் இந்தக் குறள் இருப்பது வலியறிதல் அதிகாரத்தில். பலவீனமான பகைவர்கள் பலர் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது பேச்சு.

வீட்டில் இது தினமும் நடக்கிறது. யாரோ ஒருவர் சத்தம் போட்டுவிட்டுப் போனதும், பாட்டி ‘குரைக்கிற நாய் கடிக்காது’ என்று மட்டும் சொல்வார். நாயைப் பற்றி அங்கே யாரும் பேசவில்லை. பழமொழி ஒன்றை ஆளைப் பார்த்துச் சொல்லும்போதெல்லாம் நாம் பிறிது மொழிகிறோம்.

உள்ளுறை உவமம் என்பது என்ன? பாட்டில் அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

சங்க அகப்பாடல்களில் மரம், மீன், பறவை என்று ஊர் வருணனை வரும். அவசரமாகப் படித்தால் வெறும் இயற்கைக் காட்சி. நின்று படித்தால் அந்தக் காட்சிக்குள் கதை ஒளிந்திருக்கும். அந்தந்த நிலத்துக்கு உரிய மரம், விலங்கு, பறவை போன்றவற்றைக் கருப்பொருள் என்பார்கள். தெய்வம் தவிர்ந்த கருப்பொருள்களைக் கொண்டு உள்ளுறை அமையும் என்கிறார் தொல்காப்பியர்.

குறுந்தொகை 8ஆம் பாட்டை, ஆலங்குடி வங்கனார் எழுதியதை, எடுத்துக்கொள்வோம். பேசுபவள் காதற்பரத்தை. தலைவன் அவளிடமும் வந்துபோகிறவன். தலைவி தன்னைக் குறை சொன்னாள் என்று கேள்விப்பட்டு, தலைவிக்கு வேண்டியவர்கள் காதில் விழும்படி இவள் பேசுகிறாள். தொடக்கமே ‘கழனி மாஅத்து விளைந்து உகு தீம்பழம் பழன வாளை கதூஉம் ஊரன்’. வயலோரத்து மாமரத்தில் பழுத்துத் தானாக விழும் பழத்தைக் குளத்து வாளைமீன் கவ்விக்கொள்ளும் ஊரைச் சேர்ந்தவன்.

மீன் மரம் ஏறவில்லை, பழத்தைப் பறிக்கவும் இல்லை. பழம் தானாக விழுந்தது. ‘நான் உன் கணவனை இழுக்கவில்லையம்மா, அவனாக வந்தான்’ என்பதை அவள் ஊர்ப் பெயர் சொல்வது போலச் சொல்லிவிட்டாள். நேராகச் சொல்லியிருந்தால் சண்டை. இப்படிச் சொன்னால் கேட்பவர்களுக்குப் புரியும், ஆனால் ‘நீ இப்படிச் சொன்னாயே’ என்று யாரும் பிடிக்க முடியாது.

அதே பாட்டின் இறுதியில் வெளிப்படையான உவமையும் வருகிறது. எங்களிடம் பெரிய வார்த்தையெல்லாம் பேசுகிறவன், தன் வீட்டில் தன் மகனின் தாய்க்கு ‘கையும் காலும் தூக்கத் தூக்கும் ஆடிப்பாவை போல’ நடந்துகொள்கிறான் என்கிறாள். கண்ணாடிக்குள் தெரியும் உருவம், எதிரே நிற்பவர் கையைத் தூக்கினால் தானும் தூக்கும். அவனைக் குத்த ‘போல’ போட்ட உவமை, தன்னைக் காத்துக்கொள்ள ‘போல’ இல்லாத உள்ளுறை. ஆறடியில் இரண்டையும் எங்கெங்கே வைக்க வேண்டுமோ அங்கங்கே வைத்திருக்கிறார். உள்ளுறையைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: பேசுவது யார், கேட்பது யார் என்று முதலில் பாருங்கள். பிறகு மீனும் பழமும் யார் யார் என்பது தெரிந்துவிடும்.

உயிரில்லாத பொருளை மனிதர் போலப் பேசவைப்பது தற்குறிப்பேற்றமா?

இரண்டும் ஒன்றல்ல, ஆனால் பக்கத்துப் பக்கத்து வீடு. இயல்பாக நடக்கும் ஒன்றின் மேல் கவிஞர் தன் கருத்தை ஏற்றிச் சொன்னால் அது தற்குறிப்பேற்றம். சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது, மதில்மேல் கொடிகள் காற்றில் அசைகின்றன. காற்று அடித்தால் கொடி அசையத்தான் செய்யும். இளங்கோவடிகள், ‘வாரல் என்பன போல் மறித்துக் கை காட்ட’ என்கிறார். வராதீர்கள், வராதீர்கள் என்று தடுத்துக் கைகாட்டுகின்றனவாம். கோவலனுக்கு உள்ளே என்ன காத்திருக்கிறது என்பது நமக்குத் தெரியும், கொடிக்கும் தெரிந்திருக்கிறது, அவர்களுக்கு மட்டும் தெரியவில்லை.

அஃறிணைப் பொருளைக் கேட்பது போலவும் பேசுவது போலவும் நடப்பது போலவும் சொல்லலாம் என்பதை நன்னூல் தனியாகவே அனுமதிக்கிறது: ‘கேட்குந போலவும் கிளக்குந போலவும்’ என்று தொடங்கும் சூத்திரம். நிலாவைக் கூப்பிட்டுக் குழந்தைக்குச் சோறு ஊட்டும் ஒவ்வொரு தாயும் அந்தச் சூத்திரத்துக்கு உதாரணம்தான்.

ஆங்கிலப் பாடத்தில் மெட்டானிமி என்று வருகிறது. தமிழில் அதற்கு அணி உண்டா?

தமிழில் அது அணியில் இல்லை, சொல் இலக்கணத்தில் இருக்கிறது. ஆகுபெயர். ஒன்றின் பெயர் அதோடு தொடர்புடைய இன்னொன்றுக்கு ஆகி வருவது. இதைப் பாடம் என்று நினைப்பதால்தான் கடினமாகத் தெரிகிறது. காலையிலிருந்து இரவு வரை நம் வீட்டில் புழங்குவது இதுதான்.

‘அடுப்பிலிருந்து பாலை இறக்கு’ என்கிறோம். இறக்குவது பாத்திரத்தை. ‘வீட்டுக்கு வெள்ளை அடிக்க வேண்டும்’ என்கிறோம். வெள்ளை என்பது நிறம், அடிப்பது சுண்ணாம்பு. ‘தலைக்கு நூறு ரூபாய்’ என்றால் ஆளுக்கு. ‘கடையில் இரண்டு லிட்டர் வாங்கி வா’ என்றால் எண்ணெய் என்று கேட்பவருக்குத் தெரியும். ‘டிசம்பர் வைத்துக்கொண்டு வந்தாள்’ என்றால் அந்த மாதத்தில் பூக்கும் பூ. ‘இப்படிச் செய்தால் ஊரே சிரிக்கும்’ என்றால் ஊரில் இருப்பவர்கள். ‘வள்ளுவரைப் படித்திருக்கிறாயா?’ என்றால் அவர் எழுதியதை. ஜெராக்ஸ் என்பது ஒரு நிறுவனத்தின் பெயர், நாம் ‘இரண்டு ஜெராக்ஸ் எடு’ என்கிறோம். புதிய பொருள்கள் வந்தாலும் மொழி தன் பழைய வழியையே பிடித்துக்கொள்கிறது.

நன்னூல் இவற்றுக்குப் பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில், அளவை என்று வரிசையாகப் பெயர் வைத்திருக்கிறது. மேலே சொன்ன ஒவ்வொன்றும் எந்த வகை என்று பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்தால் அரை மணி நேரம் போவதே தெரியாது.

வஞ்சப்புகழ்ச்சி என்பது கிண்டல்தானே?

கிண்டலும் அதில் அடங்கும், ஆனால் அதை விடப் பெரியது. புகழ்வது போலப் பழிப்பதும், பழிப்பது போலப் புகழ்வதும் இதில் சேரும். ‘தேவர் அனையர் கயவர்’ என்று வள்ளுவர் தொடங்கும்போது நாம் திடுக்கிடுகிறோம். காரணம் அடுத்த அடியில் வருகிறது: இருவருமே தாங்கள் விரும்பியபடியெல்லாம் நடப்பார்களாம்.

மிகச் சிறந்த உதாரணம் புறநானூறு 95. அதியமான் நெடுமான் அஞ்சிக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது போகிறார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். ஔவையார் பாராட்டுகிறார்: இங்கே இருப்பவை மயிற்பீலி அணிந்து, மாலை சூட்டி, காம்பு திருத்தி, நெய் பூசி, காவலுள்ள மாளிகையில் அழகாக இருக்கின்றன. அங்கே, எங்கள் அரசனுடையவையோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து எப்போதும் கொல்லனுடைய சின்னப் பட்டறையில் கிடக்கின்றன.

கடுஞ்சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் உன் ஆயுதம் போரையே பார்க்கவில்லை, அவன் ஆயுதத்துக்கு ஓய்வே இல்லை என்று சொல்லியாகிவிட்டது. தூது வந்தவர் எதிரியின் வீட்டில் நின்று நேராக மிரட்ட முடியாது. அதனால்தான் இந்த வடிவம் அங்கே தேவைப்பட்டது.

சிலேடை வெறும் சொல் விளையாட்டா?

விளையாட்டுதான், ஆனால் மிகக் கடினமான விளையாட்டு. ஒரே தொடர் இரண்டு பொருளுக்கும் கடைசிவரை பொருந்த வேண்டும். இரட்டுற மொழிதல் என்றும் இதைச் சொல்வார்கள். 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த காளமேகப் புலவரின் இந்த வெண்பா பாம்புக்கும் எள்ளுக்கும் சிலேடை:

ஆடிக் குடத்தடையும் ஆடும்போ தேயிரையும்
மூடித் திறக்கின் முகங்காட்டும் – ஓடிமண்டை
பற்றிற் பரபரெனும் பாரிற்பிண் ணாக்குமுண்டாம்
உற்றிடுபாம் பெள்ளெனவே ஓது

பாம்பு படமெடுத்து ஆடிவிட்டுக் குடத்துக்குள் அடையும். எள் செக்கில் ஆடி, எண்ணெயாகிக் குடத்தில் அடையும். பாம்பு ஆடும்போது சீறும், செக்கு ஆடும்போதும் இரைச்சல் வரும். மூடிய குடத்தைத் திறந்தால் பாம்பு தன் முகத்தைக் காட்டும், எண்ணெய் நம் முகத்தைக் காட்டும். பாம்பு கடித்தால் நஞ்சு பரபரவென்று தலைக்கு ஏறும், எண்ணெய் தேய்த்தாலும் தலையில் பரபரவென்று குளிர்ச்சி ஏறும். எள்ளை ஆட்டினால் பிண்ணாக்கு கிடைக்கும், பாம்புக்குப் பிளந்த நாக்கு, அதாவது பிள் நாக்கு, உண்டு.

இந்தப் பாட்டில் ‘ஆடி’ போன்ற சொற்கள் பிரிக்காமலேயே இரண்டு பொருள் தருகின்றன. அது செம்மொழிச் சிலேடை. பிண்ணாக்கைப் பிரித்தால்தான் இரண்டாவது பொருள் வரும். அது பிரிமொழிச் சிலேடை.

பதில் எதிர்பார்க்காமல் கேட்கும் கேள்விக்குத் தமிழில் இடம் உண்டா?

நிறைய உண்டு. ‘சாப்பிட்டாயா?’ என்று கேட்டால் ‘சாப்பிடாமல் இருப்பேனா?’ என்கிறோமே, அதை நன்னூலின் எட்டு வகை விடைகளில் ‘வினா எதிர் வினாதல்’ என்ற பெயரில் பார்க்கலாம். ‘நானோ அதைச் செய்தேன்?’ என்றால் செய்யவில்லை என்று பொருள். ஓகாரத்துக்கு எதிர்மறைப் பொருளும் உண்டு என்று இலக்கணம் சொல்கிறது.

இந்த வடிவத்தின் முழு பலத்தையும் காண வேண்டுமானால் சிலப்பதிகாரத்தின் ஊர்சூழ்வரிக்குப் போக வேண்டும். கணவனை இழந்த கண்ணகி மதுரைத் தெருவில் நின்று கேட்கிறாள்: ‘பெண்டிரும் உண்டுகொல் பெண்டிரும் உண்டுகொல்’. இந்த ஊரில் பெண்கள் இருக்கிறார்களா? பிறகு, ‘சான்றோரும் உண்டுகொல்’. கடைசியில், ‘தெய்வமும் உண்டுகொல்’. பெண்களில் தொடங்கி, பெரியவர்களுக்குப் போய், கடவுள் வரை ஏறுகிறது. ஒவ்வொரு கேள்வியும் திரும்பத் திரும்ப வருகிறது. தெருவில் இருக்கும் ஒவ்வொருவரும் அதற்குத் தங்களுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். ‘இந்த ஊரில் நியாயம் இல்லை’ என்று அவள் சொல்லியிருந்தால், கேட்டவர்கள் மறுத்துப் பேசியிருக்கலாம். கேள்வியை எப்படி மறுப்பது?

ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பப் போட்டால் குற்றமா?

காரணம் இல்லாமல் வந்தால் குற்றம். காரணத்தோடு வந்தால் பின்வருநிலையணி. ‘துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கி’ என்ற குறளில் சொல் ஒன்று, பொருள் வேறு வேறு. ‘எல்லா விளக்கும் விளக்கல்ல சான்றோர்க்குப் பொய்யா விளக்கே விளக்கு’ என்பதில் விளக்கு நான்கு முறையும் விளக்குதான்.

எதுகை, மோனையும் அணிதானே?

இல்லை, அவை தொடை, யாப்பில் வரும். ஆனால் காதைப் பிடித்து நிறுத்தும் வேலையை அவையும் செய்கின்றன. மேடைப் பேச்சில் இதைக் கவனியுங்கள். அண்ணா தன் தொண்டர்களுக்குச் சொன்ன ‘கடமை, கண்ணியம், கட்டுப்பாடு’ மூன்று சொல், மூன்றும் ககரம், ஒரு முறை கேட்டால் மறக்காது.

‘இறந்தார்’ என்று சொல்லாமல் ‘இயற்கை எய்தினார்’ என்பது எந்த அணி?

இதுவும் அணியில் சேராது, வழக்கில் சேரும். நன்னூல் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பிரிக்கிறது. பலர் முன் சொல்லக் கூச்சமானதை வேறு வார்த்தையால் சொல்வது இடக்கரடக்கல்: ‘கால் கழுவி வந்தான்’. அமங்கலமானதை மங்கலமாக மாற்றிச் சொல்வது மங்கலம். விளக்கை ‘அணை’ என்று சொல்லாமல் ‘குளிர வை’ என்பார்கள். வீட்டை விட்டுக் கிளம்பும்போது ‘போகிறேன்’ என்றால் பெரியவர்கள் உடனே திருத்துவார்கள், ‘போய் வருகிறேன்’ என்று சொல்ல வேண்டும். குழூஉக்குறி என்பது ஒரு தொழிலில் இருப்பவர்கள் தங்களுக்குள் வைத்துக்கொள்ளும் சொல். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பது பழைய உதாரணம்.

கட்டுரையில் ‘இலவு காத்த கிளி போல’ என்றெல்லாம் எழுதினால் மதிப்பெண் கிடைக்குமா?

கிடைக்கலாம். ஆனால் எழுதும் பிள்ளைக்கு அந்தக் கிளி தெரிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை. இலவங்காய் பச்சையாக, பழுக்கப் போவது போலவே தொங்கும். கிளி பழுக்கட்டும் என்று காத்திருக்கும். முற்றியதும் அது வெடித்துப் பஞ்சாகப் பறந்துவிடும். நெடுநாள் பொறுமையாகக் காத்திருந்து, கடைசியில் அது தனக்கு உரியதே இல்லை என்று தெரியும் ஏமாற்றம் அது. பேருந்து வரவில்லை என்பதற்கு இதை எழுதக் கூடாது.

பிள்ளைகளிடம் நான் கேட்பது இது: தெரிந்த உவமைத்தொடர் ஒன்று எழுதினால், நீயே பார்த்த ஒன்றை வைத்து இன்னொன்றும் எழுது. ஒரு சிறுமி, அண்ணன் வெளியூர்க் கல்லூரிக்குப் போன பிறகு வீடு எப்படி இருந்தது என்பதற்கு ‘திருவிழா முடிந்த மறுநாள் கோயில் வாசல் போல’ என்று எழுதினாள். அதற்கு மேல் நான் திருத்த எதுவும் இல்லை.

எந்த அணியும் இல்லாமல் எழுதினால் அது குறையா?

தண்டியலங்காரத்தின் 35 அணிகளில் முதலாவது எது தெரியுமா? உவமை அல்ல, தன்மை. உள்ளதை உள்ளபடி சொல்வது. தன்மை நவிற்சி என்றும் சொல்வார்கள். எதையும் எதோடும் ஒப்பிடாமல், பார்த்ததைப் பார்த்தபடி வைப்பதையும் ஓர் அணியாக, அதுவும் முதல் அணியாக வைத்திருக்கிறார்கள்.

அதற்கு வகுப்பில் சொல்லும் உதாரணம் சிலப்பதிகார வெண்பா. ‘மெய்யிற் பொடியும் விரித்த கருங்குழலும் கையில் தனிச்சிலம்பும் கண்ணீரும்’. உடம்பில் புழுதி, விரிந்து கிடக்கும் கூந்தல், கையில் ஒற்றைச் சிலம்பு, கண்ணீர். இதைக் கண்டதுமே பாண்டியன் தோற்றான், அவள் சொல் காதில் விழுந்ததும் உயிரையும் தோற்றான் என்று பாட்டு முடிகிறது. கண்ணகியைப் புலி என்றோ நெருப்பு என்றோ இங்கே சொல்லவில்லை. சிலம்புக்கு முன்னால் ‘தனி’ என்று ஒரு சொல் மட்டும் இருக்கிறது. இன்னொரு சிலம்பு எங்கே போனது என்பது அரசனுக்கும் தெரியும்.